இழுவை இல்லாத தண்ணீர்

அந்த விளையாட்டில் வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது. கறுப்பாக ஒரு பெட்டி. அதன் மேல் விளிம்பில் நான்கு இடங்களில் இருந்து நான்கு பொருட்கள் விழுந்துகொண்டே இருக்கும்: மணல், தண்ணீர், உப்பு, எண்ணெய். எல்லாம் கடுகிலும் சிறிய புள்ளிகள். மவுஸைப் பிடித்து நடுவில் ஒரு சுவர் கீறினால் மணல் அதில் தங்கிக் குவியும். சுவரை அழித்தால் பொலபொலவென்று கொட்டும். உப்பு தண்ணீரில் கரையும். செடி என்று ஒன்று இருந்தது, தண்ணீர் பட்டால் பச்சையாகப் படர்ந்துகொண்டு போகும். நெருப்பும் இருந்தது. அதை நான் அதிகம் தொட்டதில்லை. பரிசு இல்லை, நேரக் கணக்கு இல்லை, முடிவும் இல்லை. பெட்டியின் அடியால் விழுந்து காணாமல் போனவை மேலிருந்து திரும்ப வரும்.

சுனாமிக்குப் பிறகு புளியந்தீவில் ஓர் உதவி நிறுவனத்தின் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கிராமங்களில் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. வீடு முழுச் சேதமா, பாதிச் சேதமா, கிணறு உப்பாகிவிட்டதா, வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் படிவத்தையும் நான்தான் ஏற்றினேன். இருந்தவர்கள் மூன்று, இருப்பவர்கள் இரண்டு. அதைத் தட்டிவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தேன்.

விளையாட்டை என் கணினியில் விட்டுப் போனவள் பக்கத்து மேசைக்காரி. கல்யாணமாகிக் கனடாவுக்குப் போகிற கடைசி நாள், “பொழுது போகாட்டி இதத் தட்டிக்கிட்டு இரு” என்று சொன்னாள். எனக்குக் கொஞ்சம் சிடுமூஞ்சிக் குணம். மத்தியானத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கடைக்குச் சாப்பிடப் போவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்தான். பத்துத் தடவை வரவில்லை என்று சொன்னபிறகு பதினோராம் தடவை யார் கூப்பிடுவார்கள்? சோற்றுப் பார்சலை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருந்த பிரச்சினையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுத்திவளைக்க ஒன்றும் இல்லை. சுனாமி வந்த காலையில் அம்மா நாவலடிக்குப் போனது என்னால். அடுத்த நாள் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சை இருந்தது. அதற்குப் போடவேண்டிய சட்டை நாவலடியில் ஒரு தையல்காரியிடம் கிடந்தது. எங்கள் வீடு முகத்துவாரத்துக்குப் போகும் வீதியில், கடலேரியான வாவியின் பக்கம். தோணியில் ஏறினால் அந்தக் கரை நாவலடி, அதற்கு அப்பால் கடல். “போய் எடுத்துட்டு வா” என்று அம்மா சொன்னா. எனக்குத் தலையிடி என்று சொல்லிப் போர்த்துக்கொண்டு படுத்தேன். தலையிடி இல்லை. சும்மா சோம்பல். அம்மா முணுமுணுத்துக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போனா. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்தான் வந்தது. நாவலடியில் தையல்காரியின் வீடு இருந்த இடத்தில் பிறகு அத்திவாரம் மட்டும்தான் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அன்று விடியவே கல்லடிச் சந்தைக்கு மீனோடு போய்விட்டார். அம்மா ஏன் நாவலடிக்குப் போனா என்று அவருக்குத் தெரிய வழியில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியத்தில் பெரியம்மா எல்லோருக்கும் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டா. “அந்த விடியக்காலையில அவளுக்கு அங்க என்ன வேல?” நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்.

“ஏன் போனா எண்டு கேட்டு என்ன? ஆத்துவாய வெட்டினது நான். கடல் வந்த வழி நான் வெட்டின வழி.”

அதன்பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆற்றுவாய் வெட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாவி கடலோடு சேருகிற இடத்தைக் கடல் மணலால் மூடிவிடும். மார்கழி மழையில் வாவி நிரம்பினால், மேற்கே படுவான்கரையில் வயல்கள் வட்டை வட்டையாக மூழ்கும். அப்போது அந்த மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். வயல் செய்கிற கமக்காரர் நேரத்தோடு வெட்டு என்பார்கள். மீன்பிடிகாரர் பொறு, இறால் போய்விடும் என்பார்கள். சண்டை பிடித்து, கூட்டம் வைத்து, கடைசியில் ஒருநாள் வெட்டுவார்கள். எந்த இடத்தில், எந்தச் சரிவில் வெட்டினால் வாய் திரும்ப அடைபடாது என்று பார்த்துச் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்பா அதில் ஒருவர், மீன்பிடிகாரராக இருந்தும் கமக்காரர் நம்புகிற ஆள். சுனாமிக்குக் கொஞ்ச நாளைக்கு முன் வந்த வெள்ளத்தில் முதல் மண்வெட்டி போட்டவர் அவர்தான்.

வாய் திறந்திருந்ததும் மூடியிருந்ததும் அந்தக் கடலுக்கு ஒன்றுதான். அது தென்னை உயரத்தில் திட்டைத் தாண்டி வந்த தண்ணீர். படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு வலையைத் தைப்பார். அடுத்த மார்கழி வாய் வெட்டக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அதற்கடுத்த மார்கழியும் போகவில்லை. வீட்டில் பேச்சும் கதையும் குறைந்துபோயின. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அம்மாவுக்குப் பிறகு வீடு என்னுடையது. அப்பா அந்த வீட்டில் மெதுமெதுவாக ஒரு விருந்தாளி ஆனார். “மகள், இந்த வலைய இதுல வைக்கட்டா?” என்று கேட்பார். அவர் கட்டிய வீட்டில் அவர் என்னிடம் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும், “வைங்க” என்று வெடுக்கென்று சொல்வேன். இரவு ஏழரைக்கு இரண்டு பேரும் இரண்டு சோற்றுக் கோப்பையோடு இரண்டு மூலையில் இருந்து சாப்பிடுவோம்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அப்பா தன்னைக் குற்றம் சொல்வதை நிறுத்தவேண்டும். நான் என் வாயைத் திறக்காமலே அவர் நிறுத்தவேண்டும்.

அந்த விளையாட்டில் நான் ஆற்றுவாயைக் கட்ட ஆரம்பித்தது அப்படித்தான். பெட்டியின் அடியில் ஒரு தரை கீறினேன். இடப்பக்கம் வாவி, வலப்பக்கம் கடல், நடுவில் மணலைக் குவித்துத் திட்டு. வாவிக்கு அப்பால் செடியை வைத்து அதுதான் வயல் என்று வைத்துக்கொண்டேன். மேலிருந்து மணல் விழுந்துகொண்டே இருக்கும் அல்லவா, நான் திட்டை வெட்டினால் சற்று நேரத்தில் அது தானாக மூடிவிடும். எங்கள் கடலும் அதைத்தான் செய்கிறது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்ல அந்தக் கந்தோரில் ஒருவரும் இல்லை. கனடாக்காரிக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அவள் முதல் கடிதத்துக்கே பதில் போடவில்லை.

அது யுத்தம் திரும்பக் கடுமையாகிய காலம். நகரப் பக்கத்தில் இருந்து வாவிக்கு மேலால் படுவான்கரைக்குச் செல் குண்டு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி அதிரும், மேசை அதிரும், என் கை மவுஸோடு சறுக்கித் திட்டில் வேண்டாத ஓர் ஓட்டை விழும். அந்தப் பக்கத்துச் சனம் பாயோடும் பானையோடும் தோணிகளில் இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். படிவங்களின் தலைப்பு மாறியது. கேள்விகள் மாறவில்லை. நான் ஓட்டையை மணலால் அடைத்துவிட்டு அடுத்த படிவத்தைத் தட்டினேன்.

ஒருநாள் தோணிக்கான ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க அப்பா கந்தோருக்கு வந்தார். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இதுதான் சமயம் என்று கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன். கட்டியிருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டு கதிரை நுனியில் இருந்தார். திரையைப் பார்த்த உடனே கேட்டார்.

“இதென்ன, ஆத்துவாயா?”

“ஓம் அப்பா. இது வாவி, இது கடல்.”

“மண் இப்பிடி நேரா நிக்காது. கடல் பக்கம் சரிவு கூட.”

சரிவைத் திருத்தினேன். வெட்டிக் காட்டச் சொன்னார். நான் அகலமாக அழித்தேன். சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அது முதல் தடவையாக இருக்கலாம்.

“இப்பிடியா வெட்டுற? மண்வெட்டி அகலத்துக்கு ஒரு கோடு போதும். மிச்சத்த தண்ணி பாத்துக்கும்.”

மறுபடி திட்டைக் கட்டி ஒரு கோடுமட்டும் போட்டேன். அந்தக் கோட்டால் நீலப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டு பக்க மணலும் அப்படியே நின்றது. உண்மையான வாயில் என்றால் தண்ணீர் கரையை அரித்து அரித்து, காலையில் தாண்டிப்போகக்கூடிய கோடு பின்னேரத்தில் தோணி போகும் ஆறாகிவிடும். அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்து காத்திருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இந்தத் தண்ணிக்கு இழுவை இல்ல புள்ள” என்றார்.

நான் விடவில்லை. வாயை மூடினேன், கடல் பக்கத்தில் மவுஸை அழுத்திப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினேன். கடல் ஏறியது. திட்டின் தலையைத் தொட்டது, வழிந்தது, வாவியை நிறைத்து வயலுக்குள் போனது.

“பாருங்க. வாய் மூடித்தான் இரிக்கு. ஒருவரும் வெட்டல்ல. எண்டாலும் வருதுதானே?”

என் கை நடுங்கியது. அப்பா திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். ஓம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“மூடிக் கிடக்கிற வாய்க்கு நீ இவ்வளவு ஊத்த வேண்டிக் கிடக்கு. இப்பத் திறந்துட்டு ஊத்து, பாப்பம்.”

திறந்தேன், ஊற்றினேன். கால்வாசி ஊற்றுமுன்பே கடல் உள்ளே வந்துவிட்டது.

“பாத்தியா? அது நான்தான்” என்றார். எழும்பிக் குடையை எடுத்தார். “சோத்த ஆறவிடாமத் தின்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் வாசலைத் தாண்டுமுன் நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை. அப்பா, அம்மாவை அனுப்பினது நான் என்று நான்கே சொற்கள். நான் மவுஸைப் பிடித்தபடி இருந்தேன். அவரைத் தேற்றவென்று நான் கட்டிய பொம்மை வாவி, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அதைப் பெட்டியோடு அழித்தேன். அழித்து என்ன, மேலிருந்து திரும்ப மணல் விழத் தொடங்கியது.

அதற்குப் பிறகும் நான் அந்த விளையாட்டை விடவில்லை. ஆனால் ஒன்றும் கட்டவில்லை. சும்மா விழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்தது. படுவான்கரைச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போனது. பிறகு வடக்கிலும் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. வீதியில் வெடி கொளுத்தினார்கள், எங்கள் வீட்டுப் படலையை அப்பா சாத்தினார். அந்த வருடமே கந்தோரையும் மூடினார்கள். யுத்தமும் இல்லை, சுனாமியும் பழையதாகிவிட்டது, இனி இங்கே என்ன வேலை என்று வெளிநாட்டுக்காரர் போய்விட்டார்கள். கணினிகளைப் பெட்டியில் போட்டு லொறியில் ஏற்றியபோது என்னுடையது எது என்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வாவி எங்கள் கிணற்றடி வரை வந்துவிட்டது. ஒரு காலையில் படுவான்கரையில் இருந்து நான்கு பேர் வந்து படலையில் நனைந்துகொண்டு நின்றார்கள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பியவர்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக விதைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரப் பயிர் தண்ணீருக்குள் கிடக்கிறது.

“இன்னும் மூணு நாள் போனா அழுகிடும் அண்ணன்” என்றார் அவர்களில் மூத்தவர். “வெட்ட மெசின் வருது. நீங்க இடத்தக் காட்டினாப் போதும்.”

“என்ர கை ராசியில்லாத கை. வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்துவிட்டார். அவர்கள் போகவில்லை. எதிரே இருந்த வேம்பின் கீழ் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்து திரும்பப் போட்டதை ஜன்னலால் பார்த்தேன்.

எனக்கு அது தாங்கவில்லை. இதுவரை என் பொய்யால் நட்டப்பட்டது அப்பா ஒருவர்தான். இப்போது நான் கண்ணால் காணாத வயல்களும் சேர்ந்துவிட்டன. குசினிப் படியில் அப்பா வலையோடு இருந்தார். முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, அண்டைக்கு அம்மாவ அனுப்பினது நான். சட்ட எடுக்க நான்தான் போக இருந்த. தலையிடி எண்டு பொய் சொன்னன்.”

அவருடைய கை நிற்கவில்லை. ஒரு கண்ணியைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

“தெரியும்.”

அடுத்த கண்ணிக்கு நூலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“மிச்ச மீன எடுக்கச் சந்தையால தோணிக் கரைக்கு வரக்குள்ள கண்டனான். ‘அவளுக்குத் தலையிடியாம், நான் போய்ச் சட்டய எடுத்துட்டு வாறன்’ எண்டா. நான்தான் தோணியப் பிடிச்சு ஏத்தி விட்ட.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“பெரியம்மா கேக்கக்குள்ள உன்ர முகத்தப் பாத்தன். தாய அனுப்பினவள் எண்டு ஊர் சொன்னா அது காலத்துக்கும் போகாது. ஆத்துவாய் வெட்டினவன் எண்டா ரெண்டு நாள் பேசிட்டு விட்டுரும்.”

“கந்தோர்ல நான் கம்பியூட்டர்ல காட்டினது?”

“நல்லாத்தான் காட்டினாய். அந்தக் கடலுக்கு வாய் திறந்தா என்ன, மூடினா என்ன? எனக்குத் தெரியாதா?” வலையைக் கீழே வைத்தார். “உன்ர கை நடுங்கிச்சு. நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா அடுத்ததா நீ இதத்தான் சொல்லியிருப்பாய்.”

“அப்ப வெட்டப் போகாம விட்டது?”

“போனா, நான் சொன்னத நானே நம்பல்ல எண்டு உனக்குத் தெரிஞ்சிடும்தானே?”

அவர் எழும்பிச் சட்டையைப் போட்டார், குடையை எடுக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு வேம்படிக்குப் போனார். ஐந்து பேரும் முகத்துவாரப் பக்கம் மழைக்குள் நடந்தார்கள். நான் போகவில்லை. அன்று பின்னேரம் வாய் வெட்டியாகிவிட்டது. அடுத்த நாள் காலை எங்கள் கிணற்றடியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. பயிரில் முக்கால்வாசி தப்பியது என்று பிறகு வந்து சொன்னார்கள், ஒரு மூட்டை நெல்லும் கொண்டுவந்தார்கள்.

அப்பாவும் நானும் அதைப்பற்றித் திரும்பப் பேசவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த விளையாட்டு இப்போது கைத்தொலைபேசியிலேயே வருகிறது. தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு போகிற மாதிரியெல்லாம் செய்திருக்கிறார்கள். எனக்குப் பார்க்க விருப்பமில்லை.

இந்தக் கதையைக் கேட்ட ஒன்றிரண்டு பேர், உன்னைக் காப்பாற்ற அந்த மனிசன் எவ்வளவு சுமந்திருக்கிறார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் அது தெரிகிறது. ஆனாலும் எனக்கு அவர்மேல் உள்ள கோபம் போகவில்லை. என்னை ஒருநாள் பிடித்து நிறுத்தி, உன் சோம்பலால்தானே அவ போனா என்று வாய்விட்டு ஏசியிருக்கலாம். அவர் ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், நான் அழுதால் அவரும் அழுதிருப்பார். ஐந்து வருடம் அம்மாவுக்காக அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாள்கூட அழவில்லை.